ஜப்பானிய எழுத்தைப் படிக்கப் பழகுதல்: எந்தக் கருவி, எதுவரை?

ஜப்பானிய எழுத்துகளைப் பழக உதவும் தளங்களுக்கும் செயலிகளுக்கும் இன்று பஞ்சமில்லை. அவற்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது மூன்றே கேள்விகள்: காசு கேட்குமா, கைப்பேசியில் ஓடுமா, அலுக்காமல் தினமும் உட்கார வைக்குமா. நியாயமான கேள்விகள்தான். ஆனால் இதைப் பயன்படுத்தினால் படிக்க வருமா என்பதை இவற்றில் ஒன்றுகூடத் தொடவில்லை. இந்த அத்தியாயம் வேறொரு அளவுகோலை வைத்துக் கருவிகளை எடைபோடுகிறது. பயிற்சிக் கருவி ஒவ்வொன்றும் ஏதாவது ஓர் உதவியைத் தந்துதான் எழுத்தைப் படிக்க வைக்கிறது. பக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்ப்பு இருக்கும். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டால் போதும். எழுத்துகள் எப்போதும் அதே வரிசையில், அதே எழுத்துருவில் வரும். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்தின் தலைமேல் பொடி எழுத்தில் உச்சரிப்பு நிற்கும். சுட்டியைக் கொண்டுபோனால் அகராதி துள்ளி வரும். நாளை நீங்கள் படிக்கப்போகும் மின்னஞ்சலிலோ மருந்துச் சீட்டிலோ இவற்றில் பெரும்பாலானவை இருக்காது. ஆகவே ஒரு கருவி தரும் உதவியை விலக்கிக்கொள்ள அதற்குள் வழி இருக்கிறதா, நீங்கள் எந்தக் கட்டத்தில் விலக்கப் போகிறீர்கள் என்று கேட்டுத்தான் அதைக் கையில் எடுக்க வேண்டும்.

முதலில் வேலையின் அளவைப் பார்த்துவிடுவோம். ஒலியை மட்டும் குறிக்கும் கானா எழுத்துமுறைகள் இரண்டு: ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46, கட்டகானாவில் 46. இரு சிறு கோடுகளும் ஒரு சிறு வட்டமும் சேர்ந்து உண்டாக்கும் மாற்றங்களையும் கூட்டெழுத்துகளையும் கணக்கில் எடுத்தாலும், இது சில வாரங்களில் முடிகிற காரியம். கான்ஜி அப்படியல்ல. ஜப்பானிய அரசு அன்றாடப் பயன்பாட்டுக்கென வகுத்த ஜோயோ பட்டியலில், 2010 திருத்தத்துக்குப் பின் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் 1,026 எழுத்துகளைத் தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் பரப்பி வைத்திருக்கிறார்கள். முதல் வகுப்புக்கு 80 மட்டும். பிறந்ததிலிருந்து அந்த மொழியைப் பேசும் குழந்தைகளுக்கே இந்த வேகம்தான். எனவே கானாவுக்கான கருவியும் கான்ஜிக்கான கருவியும் ஒன்றாக இருக்க முடியாது. ஒன்று சீக்கிரம் மூடி வைக்க வேண்டியது, மற்றது ஆண்டுக்கணக்கில் கூட வருவது. 'எல்லாம் ஒரே செயலியில்' என்று விளம்பரம் செய்பவை கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

கானா பயிற்சித் தளங்களில் இரண்டு வகை உண்டு. ரியல் கானா போன்ற தளத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த வரிசைகளின் எழுத்துகள் கலைந்து ஒவ்வொன்றாக வரும். அதன் ஒலியை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். டுவோலிங்கோ போன்ற செயலிகளின் எழுத்துப் பகுதியில் பெரும்பாலும் விடைகள் முன்னாலேயே கிடக்கும். சரியானதைத் தொட வேண்டும், அல்லது இணை சேர்க்க வேண்டும். பார்க்கும்போது சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் முதலாவதில் ஒலி உங்கள் நினைவிலிருந்து எழுந்து வர வேண்டும், இரண்டாவதில் எதிரே இருப்பதை அடையாளம் கண்டால் போதும். நினைவிலிருந்து எடுக்கும் முயற்சிக்கு என்ன மதிப்பு என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒரு சிறு கட்டுரையைப் படித்தார்கள். ஒரு சாரார் அதையே மீண்டும் படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதமும் மீண்டும் படித்தவர்களுக்கு 42 சதவீதமும் நினைவில் நின்றன. நமக்கு இதில் முக்கியமானது அந்த ஐந்து நிமிட முடிவுதான். சுலபமான பயிற்சி அந்த நேரத்துக்கு நன்றாகவே வேலை செய்வது போலிருக்கும். செயலி பட்டாசு வெடித்துப் பாராட்டும். ஒரு வாரம் கழித்து நடப்பதை அது சொல்லாது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுதானே, சென்னையில் ஜூலையிலோ டிசம்பரிலோ அதை எழுதப் போகிறவருக்கு வேறு எதற்கு என்பார்கள். அந்தத் தேர்வின் கான்ஜி வினாக்களைக் கிட்டத்தில் பார்த்தால் மறுப்பு நிற்காது. வாக்கியத்தில் ஒரு கான்ஜிச் சொல் கோடிட்டிருக்கும். கீழே ஹிரகானாவில் நான்கு உச்சரிப்புகள் இருக்கும். அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களாக இருப்பது அரிது. நெடிலுக்குப் பதில் குறில், இரட்டித்த மெய்க்குப் பதில் ஒற்றை, ககரத்துக்குப் பதில் அதன் ஒலிப்புடைய இணை என்று மயிரிழை வித்தியாசத்தில் அடுக்கியிருப்பார்கள். விடைகளைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்று போகிறவரைக் குழப்பத்தான் அந்த அடுக்கு. சொல்லைக் கண்டதும் உச்சரிப்பு மனத்தில் எழுந்துவிட்டவருக்கு நான்கும் ஒரு பொருட்டல்ல.

மயிரிழை வித்தியாசம் என்று சொன்னது தமிழ் வழியாகப் படிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். குறில், நெடில் வேறுபாடும் மெய் இரட்டிப்பும் நம் காதுக்கு இயல்பாகவே பிடிபடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் திணறும் இடம் அது. நாம் திணறுவது ஒலிப்புடைய எழுத்துகளில். 'கல்' என்பதன் ககரத்தையும் 'கங்கை' என்பதன் இரண்டாம் ககரத்தையும் தமிழ் ஒரே எழுத்தால் எழுதுகிறது. ஜப்பானிய எழுத்து இரண்டையும் பிரித்து, இரண்டாவதற்குத் தலையில் இரு சிறு கோடுகள் போடுகிறது. பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் கங்கையின் ககரத்தில் தொடங்குகிறது. தோற்றத்தைக் குறிக்கும் சொல் கல்லின் ககரத்தில் தொடங்குகிறது. மற்றபடி இரண்டும் ஒன்றே. தமிழில் எழுதினால் இரண்டுமே 'கக்கோ'. பாடப் புத்தகத்தில் கானாவின் பக்கத்தில் பென்சிலால் தமிழில் குறித்துக்கொள்ளும் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். முதல் சில நாட்களுக்குக் குறிப்பு இருக்கட்டும், பிறகு அழித்துவிட வேண்டும். ரோமாஜி எனப்படும் ஆங்கில எழுத்து ஒலிபெயர்ப்புக்கும் இதே விதிதான். அதில் ஒலி தொலைந்துபோவதில்லை என்றாலும், பக்கத்தில் பழகிய எழுத்து இருக்கும்வரை கண் புதிய எழுத்தைப் பார்க்கவே பார்க்காது. ரோமாஜியை அணைக்கும் பொத்தான் இல்லாத செயலியாக இருந்தால் முதல் மாதத்தோடு விட்டுவிடலாம்.

இன்னொரு பக்கம், தமிழருக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. கானா அட்டவணையின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்று உயிரில் தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகிறது. ஹ-வரிசை பழங்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பதை நினைவில் வைத்தால், இது நம் நெடுங்கணக்கின் வரிசையேதான். புத்த பிக்குகள் சித்தம் எழுத்தின் வழியாகச் சமஸ்கிருத ஒலியியல் கற்றபோது ஜப்பானுக்குப் போன ஒழுங்கு அது. இதன் பலன் வெறும் பெருமைக்குரியதல்ல. ஜப்பானியக் கைப்பேசி விசைப்பலகையில் இந்தப் பத்து வரிசைகளுக்குப் பத்துப் பொத்தான்கள் இருக்கும். க பொத்தானைத் தொட்டால் 'க', இடப்பக்கம் தள்ளினால் 'கி', மேலே தள்ளினால் 'கு', வலப்பக்கம் 'கெ', கீழே 'கொ'. உயிர்மெய் மனப்பாடமானவருக்கு இது அரை மணி நேரப் பாடம். ஆங்கில எழுத்துகளைத் தட்டி ஜப்பானியத்தை வரவழைக்கும் முறையை விட்டு இந்தப் பலகைக்கு மாறினால், ரோமாஜி என்ற இடைத்தரகர் வேலையை இழக்கிறார். தட்டிய கானாவுக்குப் பொருத்தமான கான்ஜிகளைப் பலகை வரிசையாகக் காட்டும். அதிலிருந்து சரியானதைப் பொறுக்குவதும் தினசரிப் படிப்புப் பயிற்சிதான். தனிச் செயலி எதுவும் தேவையில்லை.

எழுத்துருவுக்கு வருவோம். கட்டகானாவில் 'ஷி' என்ற எழுத்தும் 'த்ஸு' என்ற எழுத்தும் இரண்டு குறுங்கோடும் ஒரு நீள்கோடும் சேர்ந்தவை. ஷியில் குறுங்கோடுகள் இடப்பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும். நீள்கோடு கீழே இடது மூலையில் புறப்பட்டு மேலே வலப்புறம் ஏறும். த்ஸுவில் குறுங்கோடுகள் மேல் விளிம்பில் அக்கம்பக்கமாக நிற்கும். நீள்கோடு வலது மேல் மூலையிலிருந்து கீழே இடப்புறம் இறங்கும். ஒரு குறுங்கோட்டை எடுத்துவிட்டால் இதே குழப்பம் 'ன்' என்ற எழுத்துக்கும் 'ஸொ' என்ற எழுத்துக்கும் இடையில் தொடரும். திரையில் ஒரே எழுத்துருவில் நூறு முறை பார்த்தவர் சாய்வின் அளவை மட்டும் மனப்பாடம் செய்திருப்பார். கடைப் பலகையில் தடித்த தூரிகை எழுத்தில் அதே எழுத்து வந்தால் சாய்வு மாறியிருக்கும், கணக்கு தப்பும். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தவர் தப்பமாட்டார். ஹிரகானாவில் 'கி', 'ஸ' போன்றவை அச்செழுத்தில் இணைந்தும் கையெழுத்தில் பிரிந்தும் வரும். ஒரே எழுத்துருவில் படித்தவர் இரண்டாவதைப் புது எழுத்து என்று நினைப்பார். எழுத்துருவை மாற்றிக்கொள்ளும் வசதி ரியல் கானாவில் உண்டு. அலங்காரத்துக்கு வைத்த வசதி என்று தாண்டிப் போகாமல் இரண்டாம் நாளிலிருந்தே மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

கையால் எழுதிப் பார்க்க வேண்டுமா என்பது இந்தத் துறையின் தீராத சண்டை. டோஃபுகு தளத்தின் பிரபலமான இலவச ஹிரகானா வழிகாட்டி, கையெழுத்து வேகத்தைக் குறைக்கும், படிக்கவும் தட்டச்சு செய்யவும் மட்டும் கற்றால் போதும் என்கிறது. இன்றைக்கு ஜப்பானியரே பேனா பிடிப்பது குறைவு என்ற வாதமும் சேரும். இன்னொரு பக்கம், லோங்காம்ப் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. முன்பின் தெரியாத எழுத்துகளைப் பெரியவர்களுக்குச் சிலவற்றைப் பேனாவாலும் சிலவற்றை விசைப்பலகையாலும் கற்றுக்கொடுத்து, பிறகு அந்த எழுத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் பிரித்தறியச் சொன்னார்கள். கையால் எழுதிய எழுத்துகளில் தெளிவு அதிகமாகவும் வாரக்கணக்கில் நீடிப்பதாகவும் இருந்தது. எழுத்தின் திசையைப் பிரித்தறிவதுதானே ஷிக்கும் த்ஸுவுக்கும் உள்ள பிரச்சினை. என் முடிவு இரண்டுக்கும் நடுவில் இல்லை, வேலையைப் பொறுத்துப் பிரிகிறது. 2,136 கான்ஜியையும் எழுதிப் பழக வேண்டும் என்பது, படிப்பது மட்டும் நோக்கமாக இருப்பவருக்கு வீண் சுமை. ஆனால் கானா முழுவதையும், ஒன்றோடொன்று குழம்பும் கான்ஜிகளையும் தாளில் எழுதித்தான் பார்க்க வேண்டும். கோடுகளின் வரிசையை ஜிஷோ என்ற இணைய அகராதியின் கான்ஜிப் பக்கங்கள் படமாகவே காட்டுகின்றன. திரையில் விரலால் மேலோட்டமாக இழுத்தாலும் சரி என்று ஒப்புக்கொள்ளும் செயலிகளைவிட அந்தப் படமும் ஒரு கட்டம் போட்ட நோட்டும் மேல்.

இவ்வளவும் செய்து கானா தேர்வுத் தளத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர், முதல் வாக்கியத்திலேயே இடறுவார். ஹ என்று தினமும் சரியாகச் சொன்ன எழுத்து, பேசுபொருளைச் சுட்டும் இடைச்சொல்லாக வரும்போது 'வ' என்று ஒலிக்கும். ஹெ என்ற எழுத்து திசை காட்டும் இடைச்சொல்லாக வந்தால் 'எ'. ஒகரத்தின் பின்னால் வரும் உகரம் பல சொற்களில் தனியாக ஒலிக்காமல் ஓகாரமாக நீளும். சொற்களுக்கு இடையில் இடைவெளி கிடையாது. எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைப் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். இவற்றில் எதையும் தனி எழுத்துப் பயிற்சி கற்றுத்தராது, கற்றுத்தரவும் முடியாது, ஏனென்றால் இவை எழுத்துக்குள் இல்லை, வாக்கியத்துக்குள் இருக்கின்றன. அதனால்தான் கானா தளத்தைச் சீக்கிரம் மூடச் சொல்கிறேன். தயங்காமல் பத்தில் ஒன்பது சொல்ல வந்துவிட்டால் போதும், மீதியைச் சொற்கள் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது மாதத்திலும் 'இன்னும் வேகம் போதவில்லை' என்று தனி எழுத்துகளையே தட்டிக்கொண்டிருப்பவர் படிப்பைத் தள்ளிப்போடுகிறார்.

கான்ஜியில் இந்த உண்மை இன்னும் கூர்மையாகிறது. ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் 'நிச்சியோபி' என்ற சொல்லில் மூன்று கான்ஜிகள். முதலும் கடைசியும் ஒரே எழுத்து: சூரியனையும் நாளையும் குறிப்பது. ஒரே சொல்லுக்குள் அது முதலில் 'நிச்சி' என்றும் முடிவில், 'அம்பு' என்பதன் பகர ஒலியோடு, 'பி' என்றும் ஒலிக்கிறது. மாதத்தின் முதல் தேதியை எழுதும்போது ஒன்று என்ற எழுத்தோடு சேர்ந்து 'த்ஸுஇதாச்சி' ஆகிவிடும். அதில் எந்த அசை எந்த எழுத்துக்கு என்று பிரிக்கவே வழியில்லை. அட்டையின் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் அதற்குள்ள எல்லா உச்சரிப்புகளும் என்று பட்டியல் போடும் தொகுப்புகள் இணையத்தில் ஏராளம். அவற்றை உருப்போட்டவருக்கு நிச்சியோபி என்று படிக்க வராது, பட்டியலை ஒப்பிக்கத்தான் வரும். அட்டையில் இருக்க வேண்டியது சொல், முடிந்தால் சொல் வரும் ஒரு சின்ன வாக்கியம். தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2010-இல் தேர்வு முறை மாறியதிலிருந்து எந்த நிலைக்கும் அதிகாரபூர்வமான கான்ஜிப் பட்டியல் வெளியிடப்படுவதில்லை. 'இந்த நிலைக்கு இத்தனை எழுத்து' என்று தளங்கள் தருவதெல்லாம் பழைய தேர்வுகளை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு.

அட்டைப் பயிற்சிக்கு ஆன்கி இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்ட இந்த மென்பொருள் ஜப்பானியம் கற்கும் தேவையிலிருந்து பிறந்தது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோன் பதிப்புக்கு மட்டும் விலை. நன்றாகத் தெரிந்த அட்டையை நாள் தள்ளித் தள்ளிக் காட்டும், தவறியதை உடனே திருப்பிக் கொண்டுவரும். மறக்கப்போகும் நேரத்தில் நினைவுபடுத்தினால் நினைவு பலப்படும் என்பது ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885-இல் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் வழிவந்த கொள்கை. வானிகானி இதே கொள்கையில் நடக்கும் கட்டணத் தளம்: 60 படிகள், முதல் மூன்று இலவசம். விடையை நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டும், எழுத்து கற்ற கையோடு அது வரும் சொற்களும் வந்துவிடும் என்ற இரண்டு காரணங்களுக்காக நான் வகுத்த அளவுகோலில் அது நல்ல மதிப்பெண் பெறுகிறது. ஆனால் வரிசையையும் வேகத்தையும் அது தீர்மானிக்கும், எழுத்துரு பெரும்பாலும் ஒன்றுதான். ஆன்கியில் உங்கள் பாடப் புத்தகத்தின் சொற்களையே அட்டையாக்கலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நாளுக்கு இருபது புதிய அட்டை என்பது ஆன்கியின் தொடக்க அமைப்பு. சில வாரங்களில் அது நாளொன்றுக்கு இருநூறு வரை மீள்பார்வை அட்டைகளாகத் திரும்பி வரும். இரண்டு நாள் விட்டால் குவியல், குவியலைக் கண்டால் சலிப்பு, பிறகு செயலியைத் திறக்கவே மனம் வராது. வேலைக்குப் போகிறவருக்கு ஐந்திலிருந்து எட்டுப் புதிய அட்டைகள் தாராளம். அட்டை நேரம் படிக்கும் நேரத்தைத் தாண்டத் தொடங்கினால் புதியவற்றை நிறுத்திவிட்டுப் படிக்கப் போக வேண்டும்.

எழுத்தை நினைவில் நிறுத்தச் சொல்லும் குட்டிக் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வானிகானியும் டோஃபுகுவும் தரும் கதைகள் ஆங்கிலச் சொல்லின் ஒலியில் தொங்குபவை. 1977-இல் முதல் நூலாக வெளிவந்த ஹைசிக்கின் கான்ஜி நினைவு முறையும் ஒவ்வொரு கான்ஜிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றைத்தான் கட்டிவிடுகிறது. உச்சரிப்பை அந்த முதல் நூல் தொடுவதே இல்லை. ஆங்கிலத்தில் கனவு காணாதவருக்கு இது இரட்டை மனப்பாடம். எனவே சொந்தமாகச் செய்துகொள்வதே மேல். ஹிரகானாவின் 'கு' ஒரே ஒரு வளைந்த கோணம். குருவியின் திறந்த அலகு என்று பார்த்தால் ஒலியும் வடிவமும் சேர்ந்தே வரும். 'ஷி' ஒரு தூண்டில் முள் மாதிரி இருக்கிறது, ஆனால் ஒலி பொருந்தவில்லை. அப்படிப்பட்டதை வலிந்து கதையாக்க வேண்டாம், நாலு முறை எழுதினால் முடிந்தது.

இனி உண்மையான படிப்பு. இதற்குத்தான் மற்றதெல்லாம். ஜப்பானில் தடோகு என்ற, நிறையப் படித்துப் பழகும் முறையைப் பரப்பும் அமைப்பு தன் தளத்தில் படி வாரியாகச் சிறு புத்தகங்களை இலவசமாகத் தருகிறது. கீழ்ப் படியில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, மீதி படம். எளிதானதிலிருந்து தொடங்கு, அகராதி பார்க்காதே, புரியாததைத் தாண்டு, ஓடவில்லை என்றால் வேறு புத்தகம் எடு என்பது அவர்கள் கொள்கை. பெரியவர்கள் குழந்தைக் கதை படிப்பதா என்று தோன்றலாம். கானா மட்டும் தெரிந்த நிலையில் வேறு எதையும் முடிக்க முடியாது, முடித்தால்தான் வேகம் வரும். அடுத்த படியில் எளிய ஜப்பானியத்தில் எழுதப்படும் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனத்தின் செய்திகள் இருக்கின்றன. ஒவ்வொரு கான்ஜிக்கும் மேலே ஃபுரிகானா என்ற பொடி உச்சரிப்பெழுத்து இருக்கும், அதை மறைக்கும் பொத்தானும் இருக்கும். அந்தப் பொத்தான் இந்த அத்தியாயத்தின் உயிர்நாடி. ஃபுரிகானா இருக்கும்வரை கண் மேலேயே போகும், கீழேயுள்ள கான்ஜி வெறும் அலங்காரமாக நிற்கும். முதல் வாசிப்பை மறைத்துச் செய்ய வேண்டும். தெரியாத சொல்லுக்கு ஓர் ஊகம் செய்து வாய்விட்டுச் சொல்லிவிட்டு, இரண்டாம் வாசிப்பில் திறந்து சரிபார்க்க வேண்டும்.

உலாவியில் இயங்கும் துள்ளும் அகராதிகளுக்கும் இதே ஒழுங்கு. யோமிச்சான் 2023-இல் நிறுத்தப்பட்ட பிறகு அதன் வாரிசாக வந்த யோமிட்டான், சுட்டியை வைத்த சொல்லின் உச்சரிப்பையும் பொருளையும் காட்டி, ஒரே சொடுக்கில் அதை ஆன்கி அட்டையாகவும் மாற்றித் தரும். இதைவிடச் சக்தி வாய்ந்த கருவி கற்பவர் கையில் இல்லை. அதே காரணத்தால் இதைவிட எளிதில் ஏமாற்றுவதும் இல்லை. இது இல்லாமல் தொடக்கக்காரர் ஒரு செய்தியைக்கூடத் தாண்ட முடியாது என்று ஆதரவாளர்கள் சொல்வது உண்மைதான். ஆகவே தடை செய்ய வேண்டியதில்லை, தாமதப்படுத்தினால் போதும். யோமிட்டானைச் சுட்டி பட்டதும் திறக்கும்படி வைக்காமல், ஷிஃப்ட் விசையை அழுத்தினால் மட்டும் திறக்கும்படி வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு விசை, ஊகிக்க ஒரு நொடி தருகிறது. ஒரு வாக்கியம் முழுவதையும் முடித்த பின்பே அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இடைநிலையைக் கடந்தவர்களுக்கு அவோசோரா புன்கோ. 1997-இல் தொடங்கிய இந்த இணைய நூலகத்தில் காப்புரிமை முடிந்த ஆயிரக்கணக்கான படைப்புகள் இருக்கின்றன. நேராக நத்ஸுமே சோசெகியின் நாவல்களில் இறங்கிச் சோர்ந்து திரும்புவதைவிட, நீமி நங்கிச்சியின் 'கோங்கித்ஸுனே' போன்ற சிறுவர் கதையில் தொடங்கலாம்; ஜப்பானில் நான்காம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் வரும் கதை அது. ஒரே படைப்பு பழைய எழுத்திலும் புதிய எழுத்திலும் இரண்டு பதிப்பாக இருக்கக்கூடும். நூல் விவரத்தில் புதிய எழுத்து, புதிய கானா என்று குறித்திருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். மற்றது போருக்கு முந்தைய எழுத்துமுறை. கற்ற வடிவங்களை அது குழப்பும்.

வடிவக் குழப்பம் உங்கள் கருவியிலிருந்தே வருவதும் உண்டு. சீன, ஜப்பானிய எழுத்துகள் பலவற்றுக்கு யூனிகோடில் ஒரே குறியீடு; எந்த வடிவம் தெரிகிறது என்பது கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்தது. ஜப்பானியம் சேர்க்கப்படாத கைப்பேசியில், 'நேர்' என்று பொருள்படும் எழுத்தின் அடியிலும் இடப்பக்கத்திலும் மூலை மடங்கி வர வேண்டிய கோடு, சீன வழக்கப்படி வெறும் தட்டைக் கோடாகத் தெரியும். நீங்கள் மாதக்கணக்கில் சீன வடிவத்தைப் பழகிக்கொண்டிருப்பீர்கள், எந்தச் செயலியும் எச்சரிக்காது. அமைப்புகளில் மொழிப் பட்டியலுக்குப் போய் ஜப்பானியத்தைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

கைப்பேசிக் கேமராவைக் காட்டினால் எல்லாம் மொழிபெயர்ந்து வருகிற காலத்தில் இந்தப் பாடு எதற்கு என்பது கடைசி மறுப்பு. நாலு நாள் சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு அந்த வாதம் சரி. அவர் இந்த அத்தியாயத்தையே தாண்டலாம். அங்கே வேலை பார்க்கப் போகிறவருக்குச் சரியல்ல. தொழிற்சாலைச் சுவரில் ஒட்டிய பாதுகாப்பு அறிவிப்பை நடந்தபடியே படிக்க வேண்டும், கூட்டத்தில் திரையில் ஓடும் அட்டவணையை எல்லோரோடும் சேர்ந்து படிக்க வேண்டும். அங்கெல்லாம் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்க நேரமும் இல்லை, பல இடங்களில் அனுமதியும் இல்லை. தவிர, கேமரா பொருளைத் தருமே தவிர, அந்தச் சொல்லை அடுத்த முறை தானாகப் படிக்கும் திறனைத் தராது. கேமராவையும் பயிற்சிக் கருவியாக்க ஒரு வழி உண்டு. இணைய வரைபடத்தின் தெருக்காட்சியில் டோக்கியோவின் யாமனோத்தே ரயில் பாதையைச் சுற்றியுள்ள தெருக்களில் உலாவுங்கள். பலகைகளை முதலில் நீங்களே படியுங்கள், பிறகு கேமராவிடம் கேளுங்கள். கட்டகானாவுக்கு இதைவிட நல்ல பயிற்சி நூல் கிடையாது. கடைப் பெயரும் உணவுப் பட்டியலும் பாதி அதில்தான் இருக்கும், எழுத்துரு ஒவ்வொரு பலகையிலும் மாறும்.

கடைசியாக ஒன்று: ஆட்பெயர்களுக்கென்று வரும் அட்டைத் தொகுப்புகளை மட்டும் பதிவிறக்க வேண்டாம். ஒரே கான்ஜியில் எழுதிய பெயரைப் பெற்றோர் எப்படி வேண்டுமானாலும் ஒலிக்க வைத்திருக்கலாம்; ஜப்பானியரே அறிமுகத்தின்போது கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஜப்பானில் பெரும்பாலான விண்ணப்பப் படிவங்களில் பெயருக்கு மேல் உச்சரிப்பு எழுதத் தனிக் கட்டம் உண்டு. குடும்பப் பதிவேட்டிலேயே உச்சரிப்பைப் பதிவு செய்யும் சட்டம் 2025 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. உடன் வேலை செய்பவரின் பெயரை அவரிடமே கேட்டு, முகவரிப் பட்டியலில் கானாவில் சேர்த்துக்கொள்வதுதான் அங்கேயும் வழக்கம்.